சிரமபரிகாரம்

பிரயாணத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் புறப்பட்ட பிறகு நேர்ந்தவற்றையே எழுதியிருக்கிறார்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாக, வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, பஞ்சாங்கத்தையும் ரயில் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இன்னும் போகாத ஊருக்கு மனத்தினால் பத்துத் தரம் போய் வந்துவிடுகிற அந்தச் சுகத்தைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. யோசித்துப் பார்த்தால், ஒரு பிரயாணத்தின் நன்மை தீமைகளில் பாதி அந்தக் கூடத்திலேயே நிர்ணயமாகி விடுகின்றன. எந்த மாதம், எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லியாகிவிட்டால், மிச்சமிருப்பது பெட்டி கட்டுவது ஒன்றுதான். முதல் இரண்டைப் பற்றியும் வீட்டில் எல்லோருக்கும் அபிப்பிராயம் உண்டு. மூன்றாவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ‘ராத்திரி படுத்து எழுந்திருக்கத்தானே, எங்கே இருந்தால் என்ன?’ என்று விட்டுவிடுவார்கள். அந்த அலட்சியத்தின் பலனை ஒருமுறை பூரணமாக அநுபவித்தவன் ஆகையால், அதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல உத்தேசம்.

எங்கள் வீட்டில் கோடை என்றால் மலை. பங்குனி பிறந்ததுமே உதகை, கொடைக்கானல் என்ற இரண்டு பெயர்களும் சாப்பாட்டு வேளையில் அடிபடத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் மட்டும் என்று சொல்வதற்கில்லை. 2024 மே மாதம் முதல் இவ்விரு மலைகளுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் ஏறவேண்டும் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்த அளவுக்கு, ஜனங்கள் குளிர்ச்சியைத் தேடி அங்கே குவிந்திருக்கிறார்கள். இந்த நிலையில், இந்த வருஷம் மதுரைக்குப் போகலாம் என்று நான் சொன்னதும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏங்க, ஊர் உலகமெல்லாம் வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போகுது, அக்கினி நட்சத்திரத்துல யாராவது மதுரைக்குப் போவாங்களா?”

“ஒருத்தர் போறாரே” என்றேன். “அழகர்.”

விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் சொன்ன பிறகு அதுவே என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. எல்லோரும் மலையேற நினைக்கும் சித்திரை மாதத்தில், மரமும் சுனையும் குளிர்ந்த காற்றுமாக இருக்கிற அழகர்மலை அடிவாரத்தை விட்டுப் புறப்பட்டு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வழிநெடுக மண்டகப்படி மண்டகப்படியாக நின்று, பக்தர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரில் நனைந்துகொண்டு, காயும் நகரத்தை நோக்கி இறங்கி வருகிறவர் அவர். வந்தும் என்ன? தல்லாகுளத்தில் எதிர்சேவை, வைகையில் இறங்குதல், வண்டியூர், தேனூர் மண்டபம், ராமராயர் மண்டபம், மறுபடியும் தல்லாகுளம் என்று ஆற்றங்கரையோடு அவருடைய வாசம் முடிந்துவிடுகிறது. மாசி வீதிப் பக்கம் அவர் வருவதே இல்லை. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு வந்தவர், கல்யாணம் முடிந்துவிட்டது என்று ஆற்றிலேயே கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு திரும்பினார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. கோவில் சம்பிரதாயம் இதற்கு வேறு காரணம் சொல்லும். ஊருக்கு வெளியே தங்குகிறவனுக்கு முக்கியமான விசேஷம் தவறிப் போகும் என்ற லௌகிகமான பாடத்தை மட்டும் நான் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பெருமாள் மன்னிப்பாராக.

ஏனென்றால் அந்தத் தவற்றை நானும் செய்தவன். சில வருஷங்களுக்கு முன் ஒரு வைகாசியில் இதே மதுரைக்குப் போனபோது, சுற்றுச்சாலையை ஒட்டிய ஒரு பெரிய ஹோட்டலில், அறை விசாலம், புல்தரை உண்டு, நீச்சல்குளம் உண்டு, வாடகையும் ஊருக்குள் கேட்டதைவிடக் குறைவு என்ற காரணங்களுக்காக இடம் பிடித்திருந்தோம். காலைப் பலகாரம் வாடகையிலேயே சேர்த்தி என்பதனால், அதை விட மனமில்லாமல் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, ஆட்டோவில் நெரிசலுக்குள் ஊர்ந்து, செருப்பை ஓரிடத்திலும் செல்போனை ஓரிடத்திலும் ஒப்படைத்துவிட்டு மீனாட்சியம்மன் கோவில் வரிசையில் நின்றபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அம்மனைத் தரிசித்துவிட்டுப் பொற்றாமரைக் குளத்தின் படியில் வந்து உட்கார்ந்து, ‘அப்பாடா’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள், நடை சாத்தும் வேளை ஆகிவிட்டது என்று காவலர்கள் எழுப்பிவிட்டார்கள். மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குச் சாத்தி, நாலு மணிக்குத் திறக்கிற கோவில் அது. வெளியே வந்தோம். ஆடி வீதியின் கருங்கல் தளம் காய்ந்த தோசைக்கல்லாக இருந்தது. மதிலோரமாக நிழல் பார்த்து நடக்கலாம் என்று நான் சொல்ல, நம்பி வந்த என் மனைவி நாலடி வைத்துவிட்டு நின்றாள்; உச்சி வேளையில் அத்தனை பெரிய மதிலுக்கும் நிழல் இல்லை என்பதை இருவரும் ஒரே சமயத்தில் கண்டுகொண்டோம். குதிகாலை மட்டும் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு, செருப்பு விட்ட இடம் வரையில் நாங்கள் போய்ச் சேர்ந்த நடையை நினைத்தால் இன்றும் சிரிப்பும் கூச்சமும் சேர்ந்தே வருகின்றன.

அதன் பிறகு நடந்ததுதான் விஷயம். அறைக்குத் திரும்பலாம் என்றால் அரைமணி நேரத்து வழி. போய் மறுபடி வரவேண்டும். போகாமல் இருக்கலாம் என்றால் இருக்க இடமில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு முடித்த இலைக்கு முன்னாலேயே, பின்னால் இடத்துக்குக் காத்து நிற்கிறவர்களின் பார்வை முதுகில் சுட, எவ்வளவு நேரம் உட்கார முடியும்? ஒரு காபிக்குப் பிறகு இன்னொரு காபி. ஒரு துணிக்கடையில், வாங்கும் உத்தேசம் இல்லாமலேயே சுங்குடிப் புடவைகளைப் பிரித்துக் காட்டச் சொல்லி அரைமணி. இரண்டரை மணிக்குத் தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டோ ஏறினோம். அறையில் குளித்துப் படுத்து எழுந்தபோது மணி ஐந்து. அதே சாலை, அதே நெரிசல், அதே பேரம் என்று நினைத்தவுடன், ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வார்த்தை தானாக வந்தது. மறுநாளும் அதே கதைதான். இரண்டு இரவு வாடகை கொடுத்து நாங்கள் நன்றாகப் பார்த்தது சுற்றுச்சாலை.

கோடைக்காலத்தில் ஒரு நகரத்துக்கு ஒரு பகல் என்பது கிடையாது, இரண்டு பகல்கள் உண்டு என்பது இந்த அநுபவத்தினால் எனக்கு விளங்கியது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி பதினொன்றோடு ஒரு பகல் முடிகிறது. சாயங்காலம் நாலு நாலரைக்குத் தொடங்கி நடுநிசிக்குச் சற்று முன் வரையில் இன்னொரு பகல் ஓடுகிறது. இடைப்பட்ட நேரத்தை அந்த ஊரே ஒரு விரதம் போல அநுஷ்டிக்கிறது. சந்நிதிக் கதவு சாத்தியிருக்கிறது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே பாயை விரிக்கிறார். ஆட்டோக்காரர் பின் ஆசனத்தில் படுத்துக் கால்களை வெளியே நீட்டிவிடுகிறார். தெருநாய் கூட எந்தத் திண்ணைக்கடியில் ஈரம் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிறது. எல்லா ஜீவன்களுக்கும் போய் ஒண்ட ஓர் இடம் இருக்கிற அந்த வேளையில், இடமில்லாமல் தெருவில் நிற்கிறவன் பிரயாணி ஒருவனே. பழைய நாளில் விருந்தினர் வந்தால், கை கால் அலம்பத் தண்ணீர் கொடுத்த கையோடு, ‘கொஞ்சம் சிரமபரிகாரம் செய்துகொள்ளுங்கள்’ என்று ஒரு பாயைக் காட்டுவார்கள். தூக்கம் என்றும் சொல்ல முடியாத, விழிப்பு என்றும் சொல்ல முடியாத அந்த ஒரு நாழிகைப் படுக்கைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! அறையின் வாடகையை நாம் இரவுக் கணக்கில் கொடுக்கிறோம். ஆனால் இரவில் ஒருவன் ரயிலில் கூடத் தூங்கிவிடலாம். கோடைப் பிரயாணி உண்மையில் வாடகைக்கு எடுப்பது அந்த மத்தியானத்தைத்தான். நகரத்தின் நடுவில் தங்குவதன் பிரயோஜனம், எல்லா இடத்துக்கும் போவது சுலபம் என்பதைக் காட்டிலும், எந்த இடத்திலிருந்தும் திரும்பி வருவது சுலபம் என்பதில் இருக்கிறது.

சரி, நகரத்தின் நடு எது? இந்தக் கேள்வியை எல்லா ஊரிலும் கேட்டுவிட முடியாது. நான் குடியிருக்கும் சென்னையில் இதைக் கேட்டால், மயிலாப்பூர்க்காரர் குளக்கரை என்பார். தியாகராய நகர்வாசி பனகல் பூங்கா என்பார். 1873-இல் திறந்த ரயில் நிலையம் ஒன்று ‘சென்ட்ரல்’ என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு கடற்கரைக்குச் சமீபமாக, நகரத்தின் கீழ் ஓரத்தில் நிற்கிறது. பல கிராமங்கள் ஒன்றாகி வளர்ந்த ஊருக்கு நடு என்று ஒன்று இருக்க நியாயமில்லை. ஆனால் அறை பதிவு செய்யும் செயலிகளுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. எந்த ஊரானாலும் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, ‘மையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர்’ என்று கூசாமல் போட்டுவிடுகின்றன. அந்தப் புள்ளி எது, அங்கிருந்து காக்கை பறக்கும் தூரமா, மனிதன் நடக்கும் தூரமா, இடையில் ரயில் பாதை குறுக்கிடுகிறதா, ஆறு குறுக்கிடுகிறதா என்பதையெல்லாம் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியவன் பிரயாணிதான்.

மதுரையில் மட்டும் அந்தச் சந்தேகம் எழுவதே இல்லை. கோவிலுக்குள் ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி என்று, சதுரத்துக்குள் சதுரமாக, மாதங்களின் பெயரையே தெருக்களுக்கு வைத்துக்கொண்டு அமைந்த ஊர் அது. பரிபாடலில் ஒரு புலவர் இந்நகரத்தைத் தாமரைப் பூவாகவும், தெருக்களை இதழ்களாகவும், கோவிலை நடுவிலிருக்கும் பொகுட்டாகவும் கண்டிருக்கிறார். இன்றைய தெருக்கள் நாயக்கர் காலத்தில் வகுத்தவை. ஆயினும் உவமை இன்னும் பழுதாகவில்லை. வழி தவறினாலும் பாதகமில்லை. தலையைத் தூக்கினால் ஏதாவது ஒரு கோபுரம் தெரியும், அதை நோக்கி நடந்தால் தெரிந்த தெருவுக்கு வந்துவிடலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2018 முதல் கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்று தடை இருக்கிறது. மையம் எங்கே, மையம் எங்கே என்று வழியெல்லாம் அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்த அந்தக் கருவி, உண்மையான மையத்தின் வாசலில் டோக்கனுக்கு மாற்றாக அலமாரிக்குள் போய்விடுகிறது.

நடு இதுதான் என்று தெரிந்த பிறகு, நடுவிலிருந்து எத்தனையாவது சதுரத்தில் தங்குவது என்ற கேள்வி எழுகிறது. மதுரையில் லாட்ஜுகள் நெருங்கி நிற்கும் இடம் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையே உள்ள பட்டை. அதிலும், ரயில் நிலையத்தை நோக்கிய மேற்குப் பக்கத்தில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. இந்தத் தெருவின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. இங்கே முன்பு மதுரையின் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் மூச்சு விடட்டும் என்று மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்து, அந்த வேலையில் பங்கெடுக்கும் ஜனங்களுக்கு அங்கேயே மனை கிடைக்க ஏற்பாடு செய்தார். அளவை வேலையில் அவருக்குத் துணை நின்ற பெருமாள் மேஸ்திரியின் பெயரும் மாரட்டின் பெயரும் அப்படி உண்டான தெருக்களுக்கு நிலைத்தன. கலெக்டருக்கு நன்றியாக ஊரார் எழுப்பிய விளக்குத்தூண் இன்றும் கடைத்தெருவுக்கு நடுவே நிற்கிறது. வியன்னா நகரத்தின் மதிலை இடித்துப் பெருவீதி அமைக்கச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் ஆணையிட்டது 1857-இல். அந்த வீதியை உலகம் கொண்டாடுகிறது. அதற்குப் பத்து வருஷம் முந்தியே மதுரை அந்தக் காரியத்தை ஒரு மேஸ்திரியை வைத்துக்கொண்டு செய்து முடித்தது. அந்நியனை உள்ளே விடாமல் தடுப்பதற்கென்று மதில் நின்ற அதே இடத்தில், இப்போது, வருகிற அந்நியனுக்கெல்லாம் சாவி கொடுக்கிற கட்டிடங்கள் வரிசையாக நிற்கின்றன. அதற்குச் சற்று மேற்கே, ரயில் நிலையத்துக்கு எதிரில், ராணி மங்கம்மாளின் பெயரால் விளங்கும் சத்திரம் இருக்கிறது. சத்திரத்துக்கு இடம் பார்த்தவர்களுக்கு, நடந்து களைத்தவன் எந்த முனையில் வந்து விழுவான் என்பது தெரிந்திருந்தது.

மதுரைக்குக் கோடையில் வந்த பிரயாணிகளில் நமக்குத் தெரிந்த முதல் தம்பதி கோவலனும் கண்ணகியுமே. வெயிலைக் கண்ணகி தாங்கமாட்டாள் என்பதற்காக அவர்கள் பகலில் ஒதுங்கி, நிலவு வெளிச்சத்தில் இரவில் நடந்தார்கள் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் சொல்லும்போது, இரவு ரயிலுக்குச் சீட்டு எடுக்கிற நம்முடைய புத்தி எவ்வளவு பழையது என்று தோன்றுகிறது. வந்தவர்கள் முதலில் இறங்கியது மதிலுக்கு வெளியே, புறஞ்சேரியில். கண்ணகியை வழித்துணையாக வந்த கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, கோவலன் மட்டும் நகரத்துக்குள் போய், கடைத்தெருவும் கொடி பறக்கும் வீதிகளுமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து பார்த்ததைச் சொல்கிறான். அந்தப் பகுதிக்கு ‘ஊர்காண் காதை’ என்றே பெயர். வேனிற் காலம் மதுரையை விட்டு விடைபெறப் போகிற கடைசி வெயில் நாட்கள் அவை என்று காலமும் குறித்திருக்கிறார் அடிகள். சுற்றுலாவுக்கு ‘ஊர்காண்’ என்பதைவிட நல்ல தமிழ்ச் சொல்லை நான் பார்த்ததில்லை. பிறகு ஆயர்குல மாதரியின் மனைக்குக் குடிபோகிறார்கள். அங்கிருந்து சிலம்பை எடுத்துக்கொண்டு கோவலன் மறுபடியும் கடைத்தெருவுக்குப் போகிறான். திரும்பி வந்த நாள் ஊர்காண் காதை. திரும்பி வராத நாள் கொலைக்களக் காதை. இவ்வளவு பெரிய சோகத்தை என்னுடைய அறைப் பிரச்னைக்கு உதாரணமாக்குவது மரியாதையில்லைதான். ஆனாலும், ஊரைப் பார்ப்பது என்கிற காரியம், திரும்பி வந்து, பார்த்ததை ஒருவரிடம் சொல்லி முடிக்கிற போதுதான் பூர்த்தியாகிறது என்ற எண்ணத்தை எனக்குக் கொடுத்தவர் அடிகளே.

இதற்கெல்லாம் மேலான அத்தாட்சி ஒன்று கீழைக் கோபுரத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தைத் தையற்காரர்களும் பாத்திரக்காரர்களும் புத்தகக்காரர்களும் நிறைந்த கடைத்தெருவாகவே என் வயதுக்காரர்கள் அறிவோம். அந்தக் கடைகள் அண்மையில்தான் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. ஆனால் அது கட்டப்பட்டது கடைக்காக அல்ல, கோடைக்காக. வைகாசி மாதத்தில் சுவாமியும் அம்மனும் கோவிலிலிருந்து எழுந்தருளி அங்கே வசந்த உற்சவம் கொண்டாடுவது மரபு. மண்டபத்தைச் சுற்றிலும் நீர் தேக்கி, கல்லுக்குக் குளிர்ச்சி ஊட்டுவதற்கென்றே வாய்க்கால் அமைத்திருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். கோடைக்கு இடம் மாறவேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் மலையேறவில்லை, ஊர்ப்புறத்துத் தோப்புக்குப் போகவில்லை, ஒரு தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்து மண்டபத்தில் தங்கிவிட்டு, திரும்பவும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இரவிலும் அப்படியே. நாளெல்லாம் அத்தனை பேருக்குத் தரிசனம் கொடுத்த சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, தீவர்த்தியும் வாத்தியமுமாக அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் கோவிலின் நாள் முடிகிறது. அதைத்தான், போன தடவை, சுற்றுச்சாலை அறையில் படுத்துக்கொண்டு நாங்கள் தவறவிட்டோம்.

ஆகவே, இந்தத் தடவை செயலியில் வழுவழுப்பான படங்களைப் பார்த்து மயங்குவதில்லை என்ற தீர்மானத்தோடு, பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கத்தில் ஒரு நடுத்தரமான லாட்ஜுக்குத் தொலைபேசியிலேயே பேசினேன். கோபுரம் தெரிகிற அறை வேண்டும் என்றேன். எதிர்முனையில் இருந்தவர் நிதானமான மனிதர்.

“ஐயா, கோபுரம் தெரியிற ரூம் வேணுமா, மத்தியானம் தூக்கம் வர்ற ரூம் வேணுமா?” என்றார்.

“ரெண்டும் ஒண்ணா இருக்காதா?”

“இருக்காதுங்கய்யா. கோபுரம் தெரியிறது மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம். தளத்துச் சூடு அப்படியே இறங்கும். ஏசி போட்டாலும் சாயங்காலம் வரைக்கும் மல்லுக்கட்டணும். ரெண்டாவது மாடியில உள்பக்கமா ஒண்ணு இருக்கு. வெளிச்சம் கம்மிதான். ஆனா நாலு பக்கமும் கட்டடம், வெயில் படாது, ரோட்டுச் சத்தம் கேக்காது. வீட்டுல அம்மா வர்றாங்கன்னா அதைத்தான் சொல்லுவேன்.”

“குளிக்கத் தண்ணி?”

“காலையிலயே ரெண்டு பக்கெட் பிடிச்சு வெச்சிருங்கய்யா. மத்தியானம் பைப்புல வர்றது வெந்நிதான். மேல டேங்க்கு காயுதுல்ல.”

இந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த லாட்ஜை நான் நம்பினேன். நட்சத்திரக் கணக்கிலும் விருந்தினர் விமரிசனத்திலும் அகப்படாத ஞானம் அது. மேற்கொண்டு நான் கேட்டதெல்லாம் சில்லறை விஷயங்களே: இரண்டாம் மாடிக்கு லிப்ட் உண்டா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் மின்விசிறி மட்டும் ஓடுமா, ஏசியும் ஓடுமா, பேரனுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பெட் போடுவார்களா. ஒன்று மட்டும் சில்லறை அல்ல. பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறவன் இருள் பிரிவதற்கு முன்பே மதுரையில் இறங்குகிறான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை என்று சொல்கிற பெரிய ஹோட்டல்காரன், கோடையின் இரண்டு பகல்களில் நல்ல பகலைப் பிரயாணியிடமிருந்து முதல் நாளே பறித்துக்கொண்டு விடுகிறான். நம்முடைய பழைய லாட்ஜுகளில் பலவற்றில், எந்த மணிக்கு வந்து கையெழுத்துப் போடுகிறோமோ அந்த மணியிலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். வருகிறவனுடைய கடிகாரத்தை மதிக்கிற இந்தக் கணக்கு சத்திரத்து நாகரிகத்தின் மிச்சம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, கூடத்தில் உட்கார்ந்தே நான் வாழ்ந்து பார்த்துவிட்ட அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். அதிகாலையில் இறங்கி, பெட்டியை அறையில் போட்டு, பக்கெட்டுகளை நிரப்பி வைத்துவிட்டு, காபி குடித்துக்கொண்டு டவுன்ஹால் ரோடு வழியாகக் கிழக்கே நடந்தால், மேலைக் கோபுரம் எதிரில் நிற்கும். கோடை, மல்லிகைக்கு நல்ல பருவம்; ஊர் வாடுகிற மாதத்தில் அந்தப் பூ ஒன்றுதான் செழிக்கிறது. கல் குளிர்ந்திருக்கும்போதே பிராகாரங்களைச் சுற்றி, ஆயிரங்கால் மண்டபத்தையும் பார்த்துவிட்டு, பத்து மணிக்குள் வெளியே வந்துவிடலாம். சாத்துகிற நடைக்குக் காத்திருந்து வெளியே தள்ளப்படவேண்டிய அவசியமில்லை. பார்க்காததைச் சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிற தைரியம், அருகில் அறை உள்ளவனுக்கு மட்டுமே உரிய ஐசுவரியம். மத்தியானம், இருட்டறை, குளிர்ந்த பக்கெட்டுத் தண்ணீர், சிரமபரிகாரம். நாலரைக்கு எழுந்து மேலமாசி வீதிப் பக்கம் நடக்கலாம். அந்த வீதியில்தான் ஒரு வீட்டு மாடியில் விருந்தினராகத் தங்கியிருந்த காந்தியடிகள், 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, அதுவரை அணிந்து வந்த உடையை விட்டு நாலு முழத் துண்டுக்கு மாறினார். ஏழைகளின் நிலையை எண்ணிச் செய்த விரதம் அது. ஊரின் நடுத்தெருவில் ஒரு மாடியறையில் நிச்சயமான காரியம், வாசலில் இறங்கிய மாத்திரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்தி மயங்கிய பிறகு திருமலை நாயக்கர் மகால் பக்கமாக ஒரு நடை, விளக்குத்தூண் பக்கத்தில் ஜிகர்தண்டா. பாலும் கடற்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமுமாக அது ஒரு குவளை. அதற்குள் கால் வலித்தால் ஒரு தரம் அறைக்கு வந்து கால் நீட்டிவிட்டு, ஒன்பது மணிக்குப் பள்ளியறைக்குக் கிளம்பலாம்.

மூன்று நாட்களுக்கு இதுவே திட்டம். அநேகமாக இதில் பாதிதான் நடக்கும். பேரன் இரண்டாம் நாளே அறையை விட்டு வரமாட்டேன் என்பான். அதற்கும் நடுவில் இருக்கிற அறைதான் பரிகாரம்: அவனைப் பாட்டியோடு விட்டுவிட்டு நான் மட்டும் ஒரு நடை போய் வரலாம், நான் திரும்பியதும் அவள் போய் வரலாம். கோடைப் பிரயாணம் போக எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்வேன். வரைபடத்தில் காணும் மையத்தை விட்டுவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு அந்த ஊரில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு விடை கிடைக்காத ஊருக்கு மார்கழியில் போகலாம்.

எங்களுக்கு அறை பதிவாகிவிட்டது. வைகாசி இரண்டாம் வாரம், மூன்று நாள், இரண்டாம் மாடி, உட்பக்கம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர்தான் தெரியுமாம். கோபுரத்துக்கு நடந்து பத்து நிமிஷம்.